அகலமான சாலை

அன்புள்ள ஐயா,

புறநகரில் புது லேஅவுட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அமைதியான இடம், அகலமான சாலைகள். ஆனாலும் எட்டு வயது மகன் எந்நேரமும் போனோடுதான் கிடக்கிறான். சாயங்காலம் நானே காரில் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். எந்த வயதிலிருந்து அவனைத் தனியாக அனுப்பலாம்?

ம.

அன்புள்ள ம.,

‘அகலமான சாலைகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, சில நாட்களாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை விடுங்கள். அது வருவதற்கு முன்பே பிள்ளைகள் தெருவை விட்டுப் போய்விட்டார்கள். இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் எடுத்த கணக்கு இது: ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனவர்கள் 1971-இல் 80 சதவீதம், 1990-இல் 9 சதவீதம். அன்றைக்கு எந்தப் பிள்ளை கையில் போன் இருந்தது?

நான் வளர்ந்த தெரு குறுகலானது, வளைந்து போகும். நடுத்தெருவில் செங்கல்லை நிறுத்திப் பந்தால் அடிப்போம். வண்டி வந்தால் வண்டிதான் நிற்கும். ஒருவன் செங்கல்லைத் தூக்குவான். வண்டி ஊர்ந்து போனதும், தரையில் படிந்த சிவப்புத்தூளைப் பார்த்து அதே இடத்தில் வைப்பான். பெரியவர் யாரும் கூட இருக்கமாட்டார்கள். சண்டையும் எங்களுடையது, தீர்ப்பும் எங்களுடையது.

உங்கள் சாலையில் இது நடக்காது. பலகையில் என்ன வேகம் போட்டிருந்தாலும், சாலை நேராகவும் அகலமாகவும் இருந்தால் கால் தானாக அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு.

கோபப்படாதீர்கள், சொல்லத்தான் வேண்டும். அந்தச் சாலையில் நீங்களும் கார் ஓட்டுகிறீர்கள். உங்கள் காருக்குப் பயந்து பக்கத்து வீட்டு அம்மா தன் பிள்ளையைக் காரில் ஏற்றுகிறார். அவர் காருக்குப் பயந்து நீங்கள். பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் இரண்டு பாசமும் சேர்ந்து தெருவைக் காலி செய்துவிட்டதே!

நெதர்லாந்தில் 1970-களில் பெற்றோர்கள் பிள்ளைகளோடு சாலையை மறித்துப் போராடினார்கள். 1976-இல் ‘வோனெர்ஃப்’ தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. அங்கே கார் மிக மெதுவாகத்தான் போகவேண்டும், பிள்ளைகள் தெருவிலேயே விளையாடலாம்.

சரி, வயது கேட்டீர்கள். சாலையைப் பார்க்காமல் வயதை எப்படிச் சொல்வது? நாளைக்குக் காரை எடுக்காதீர்கள். பூங்காவுக்கு அவனை முன்னால் நடக்கவிட்டு, பத்தடி தள்ளி நீங்கள் வாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கை தானாக அவனைப் பிடிக்க நீள்கிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், அந்த இடத்தில் வேகத்தடை கேட்டு மனு எழுதிக் கொடுங்கள்.