ஒரே தெரு, ஒரே விலை: வாசகர் கேள்விகள்

எங்கள் தெருவில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் கடை இரண்டு. இரண்டிலும் ஒரே விலை, ஏறுவதும் ஒரே நாளில். பேசி வைத்துக்கொண்டுதானே செய்கிறார்கள்?
*(ஒரு வாசகி, வேளச்சேரி)*

இருக்கலாம். ஆனால் ஒரே விலை என்பது மட்டும் சாட்சியாகாது. கடும் போட்டியிலும் விலை ஒன்றாகத்தான் வந்து நிற்கும்; 1883-லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்ட்ராண்ட் சொன்ன சங்கதி இது. விலை அடக்கத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள்.

எண்களை நாமே வைத்துக்கொள்வோம். அடக்கம் 20 ரூபாய், விற்பது 40. தெருவுக்கு நாளைக்கு 100 கேன். ஆளுக்கு 50 கேன், லாபம் 1,000. ஒருவர் 38-க்கு இறக்கினால் 100 கேனும் அவருக்கே, லாபம் 1,800. மறுநாள் மற்றவரும் இறங்குவார். இழுபறியில் விலை 22-க்கு வந்தால் ஆளுக்கு 100 ரூபாய்தான் மிஞ்சும். முதல் நாள் 800 கூடுதல், அடுத்த நாளிலிருந்து தினமும் 900 நஷ்டம். இது இருவருக்குமே தெரியும் என்பதால், ஒரு வார்த்தை பேசாமலே 40-ஐப் பிடித்துக்கொண்டு உட்காரலாம்.

இதுவே ஐந்து கடை என்றால்? பங்கு 20 கேன், லாபம் 400. குறைப்பவருக்கு அதே 1,800, அதாவது 1,400 கூடுதல். அப்புறம் நாளுக்கு 360தான் போகும். அடித்ததை இழக்கவே நாலு நாள் ஆகும். கை அரிக்கத்தான் செய்யும். அபார்ட்மென்ட் செயலாளரிடம் மட்டும் ரகசியமாக 35-க்குப் பேசி முடிப்பது இன்னொரு வழி. பொருளியலாளர் ஸ்டிக்லர் 1964-இல் எழுதியது இந்த ரகசியத் தள்ளுபடியைப் பற்றித்தான்.

பருவமும் விளையாடும். ஐப்பசி மழையில் கேன் தேங்கினால், காரணம் மழையா, எதிர்க்கடைக்காரரின் தில்லுமுல்லா என்று தெரியாது. சந்தேகத்திலேயே விலைச் சண்டை மூளும் என்கிறார்கள் பொருளியலாளர்கள் கிரீனும் போர்ட்டரும் (1984). கேன் அதிகம் போகிற கத்திரி வெயிலில்தான் இந்த ஒற்றுமை உடையும், அன்றைக்குக் குறைத்தால்தானே அள்ளலாம் என்பது இன்னொரு பொருளியலாளர் ஜோடியான ரோட்டம்பெர்க், சலோனர் கட்சி (1986). எதிர்க்கடை வண்டியில் எத்தனை கேன் ஏறுகிறது என்று எண்ணிவிட முடிகிற உங்கள் தெருவுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஆர்டரெல்லாம் ஆப்பில் போகிற இடத்துக்கு முதலாவது.

‘வேறெங்கு விலை குறைவாக இருந்தாலும் அதே விலைக்குத் தருவோம்’ என்று போர்டு வைத்த கடையில் வாங்கலாமா?
*(ஒரு வாசகர், தி.நகர்)*

வாங்குங்கள், போர்டை மட்டும் மெச்ச வேண்டாம். இந்தக் கடையும் உடனே இறங்கிவிடும் என்று தெரிந்தால், பக்கத்துக் கடைக்காரர் எதற்காகக் குறைப்பார்? போதாக்குறைக்கு, அவருடைய பில்லைக் கொண்டுவந்து காட்டி ஒற்றர் வேலையை நீங்களே சம்பளமில்லாமல் பார்க்கிறீர்கள்.

பேசி வைத்தார்கள் என்று தெரிந்தால் என்ன செய்வது?
*(ஒரு வாசகர், பெரம்பூர்)*

பேசாமல் ஒத்துப்போனால் சட்டத்தால் பிடிப்பது கடினம். பேசியிருந்தால் போட்டிச் சட்டம், 2002-இன் பிரிவு 3 பாயும். வாட்ஸாப் செய்தி, சங்கக் கூட்டக் குறிப்பு போன்றவற்றைச் சேர்த்து, உரிய கட்டணத்துடன் இந்தியப் போட்டி ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். கூட்டில் இருந்தவரே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னால், பிரிவு 46-இன்கீழ் அபராதம் 100 சதவீதம் வரை குறையும். இரண்டாவதாக வருபவருக்கு 50 வரை, மூன்றாமவருக்கு 30 வரை.