அரை செகண்ட் கூட தாங்காத அணுவுக்கு எடை எப்படி போடுறாங்க?

கேள்வி: சார், வனேடியம்-46னு ஒரு அணுவாம், அரை செகண்ட்ல பாதி காலியாகிடுமாம், அதுக்குப் போய் பின்லாந்துல எடை பாத்திருக்காங்கன்னு எங்க லெக்சரர் சொன்னார். தராசுல வைக்கறதுக்குள்ள செத்துடாதா? இப்படிக்கு, பி.எஸ்சி. பிசிக்ஸ் வாசகி.

பதில்: தராசே கிடையாதும்மா, சுத்த விடுறாங்க, அவ்ளோதான். பென்னிங் ட்ராப்னு ஒரு பொறி இருக்கு, சுத்தி பலமான காந்தம், முன்னாடியும் பின்னாடியும் ஓடிப்போகாம தடுக்க மின்புலம். உள்ள போற அயனி (மின்னூட்டம் ஏத்தின அணு) வட்டமா சுத்தும், லேசா இருந்தா வேகமா சுத்தும், கனமா இருந்தா மெதுவா. செகண்டுக்கு எத்தனை சுத்துன்னு தெரிஞ்சா எடை தெரிஞ்சுடும். (நிறைன்னுதான் எழுதணும், தமிழாசிரியர்கள் மன்னிக்க.) உங்க லெக்சரர் சொன்ன பின்லாந்து இடம் யுவாஸ்குலா பல்கலைக்கழகம், அங்க இருக்கற 7 டெஸ்லா (காந்த பலத்தோட அளவு) காந்தத்துக்குள்ள வனேடியம்-46 செகண்டுக்கு சுமார் 23 லட்சம் சுத்து அடிக்கும். அதோட அரை ஆயுள் 0.42 செகண்ட்தான், ஆனா அதுக்குள்ளயே கிட்டத்தட்ட பத்து லட்சம் சுத்து முடிஞ்சுடுது, அளக்க அது தாராளம்.

யாரும் உக்காந்து எண்ணுறதில்ல. ரேடியோ அலையை லேசா குடுத்துப் பாப்பாங்க, அலையோட அதிர்வெண்ணும் சுத்துற வேகமும் ஒத்துப்போச்சுன்னா அயனிக்கு செம தெம்பு ஏறிடும், அப்புறம் கதவைத் திறந்து விட்டா தெம்பு ஏறினது டிடெக்டருக்கு சீக்கிரமா வந்து சேரும், ஏறாதது ஆடி அசைஞ்சு வரும். அதிர்வெண்ணை கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே போய் எந்த இடத்துல சீக்கிரம் வருதுன்னு பாத்தா ஒரு பள்ளம் மாதிரி கிராஃப் கிடைக்கும், பள்ளத்தோட அடிதான் விடை.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருக்கு. வனேடியம்-46 சிதைஞ்சா டைட்டானியம்-46 ஆகும். தாயையும் சேயையும் மாத்தி மாத்தி அதே ட்ராப்ல விட்டுப் பாப்பாங்க, ரெண்டுக்கும் செகண்டுக்கு 385 சுத்து மாதிரி வித்தியாசம் வரும். காந்தத்துல ஏதாவது சின்ன கோளாறு இருந்தாலும் ரெண்டுக்கும் ஒரே மாதிரி பாதிக்கறதால பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும்.

கேள்வி: 2005ல அதே வனேடியத்தோட புது அளவு பழைய அளவோட வெறும் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (அணு எடையையும் எனர்ஜியையும் சொல்ற அலகு) இடிச்சதுக்கு இவ்வளவு அலட்டலா? ஒரு ரிட்டயர்டு ஆசிரியர்.

பதில்: ஐயா, 5 டன் யானை எடையில கால் கிராம் தப்புன்னா எப்படியோ அந்த அளவுதான் அது, நீங்க கேக்கறது நியாயம். ஆனா பீட்டா சிதைவு (வனேடியம் டைட்டானியமா மாறுற மாதிரி சிதைவு) எவ்வளவு வேகமா நடக்கும்கறது, தாய்க்கும் சேய்க்கும் உள்ள எடை வித்தியாசத்துல இருந்து வர்ற எனர்ஜியோட ஏறக்குறைய அஞ்சாவது அடுக்கைப் பொறுத்தது. எனர்ஜில 1 சதவீதம் தப்புன்னா விடையில 5 சதவீதம் தப்பு.

1977ல மியூனிக்ல அணுக்கரு வினைகளை வச்சு அளந்த நம்பரைத்தான் ரொம்ப நாளா பெருசா நம்பிட்டிருந்தாங்க. 2005ல சிகாகோ பக்கம் ஆர்கான் ஆய்வகத்துல இருக்கற கனடியன் பென்னிங் ட்ராப் (பேருதான் கனடியன், கனடாவுல ஆரம்பிச்சு இங்க குடி வந்தது) அளந்து பாத்தா சுமார் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கூட வருது. அடுத்த வருஷமே யுவாஸ்குலா காரங்களும் ஆமாங்கறாங்க. இதுல சங்கடம் என்னன்னா, கார்பன்-10ல இருந்து ருபிடியம்-74 வரைக்கும் இந்த வகை பீட்டா சிதைவு எல்லாத்துக்கும், ஆயுளையும் எனர்ஜியையும் சேத்து கணக்குப் போட்டு தியரி திருத்தமும் போட்ட பிறகு சுமார் 3072 செகண்ட்னு ஒரே விடை வரணும், புது எடையைப் போட்டதும் வனேடியம் மட்டும் வரிசையை விட்டு வெளிய நிக்குது. ஹார்டி, டவுனர்னு ரெண்டு இயற்பியலாளர்கள் 2008ல அந்தத் திருத்தக் கணக்கையே மறுபடி போட்டாங்க, கருவோட உள் கூடுகள்ல இருக்கற புரோட்டான், நியூட்ரானையும் சேத்துப் பாத்ததும் அது வரிசைக்குள்ள வந்துடுச்சு. அதாவது தராசு சரி, திருத்திக்க வேண்டியிருந்தது தியரிதான்.

அந்த 3072 எதுக்குன்னா, அதுல இருந்துதான் அப் குவார்க் டவுன் குவார்க்கோட (புரோட்டான், நியூட்ரானுக்குள்ள இருக்கற துகள்கள்) எவ்வளவு சேருதுன்னு கண்டுபிடிக்கறாங்க, அது சுமார் 94.8 சதவீதம். அப் குவார்க் மத்த ரெண்டு குவார்க்கோட (ஸ்ட்ரேஞ்ச், பாட்டம்) சேர்ற பங்கையும் கூட்டினா சரியா 100 வரணும். இப்ப சுமார் 0.15 சதவீதம் குறையுது. 2018க்கு அப்புறம் தியரில ஒரு திருத்தம் மாறினதுதான் அந்தக் குறையை எடுத்துக் காட்டுச்சு, அதனால புது பிசிக்ஸ்னு குதிக்கறவங்களோட நான் சேரமாட்டேன், எடை மேல மட்டும் எனக்கு சந்தேகம் இல்ல.

கேள்வி: நியூட்ரினோ எடையும் இதே ட்ராப்லயா? கோபப்படாம சொல்லுங்க.

பதில்: கோபமெல்லாம் இல்ல. நியூட்ரினோங்கறது பீட்டா சிதைவுல எலக்ட்ரானோட சேந்து வர்ற ரொம்ப லேசான துகள், அதுக்கு மின்னூட்டம் கிடையாது, ட்ராப்ல நிக்காது. ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹேல கேட்ரின்னு ஒரு சோதனை, டிரிட்டியம் (கனமான ஹைட்ரஜன்) ஹீலியம்-3ஆ சிதையும்போது வர்ற எலக்ட்ரானோட உச்ச எனர்ஜியைப் பாக்குது, அது சுமார் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரினோவுக்கு எடை இருந்தா அந்த உச்சம் துளி குறையும். அந்த நம்பர் சரியான்னு பாக்கத்தான் ட்ராப் வருது, டிரிட்டியத்துக்கும் ஹீலியம்-3க்கும் உள்ள எடை வித்தியாசத்தை 2015ல ஃபுளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டில தனியா அளந்து வச்சிருக்காங்க. நியூட்ரினோ எடை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல போகாதுங்கற வரைக்கும் கேட்ரின் இப்ப வந்திருக்கு.