ஐந்து வயதாகியும் முன்தோல் பின்னால் வரவில்லை, ஆபரேஷன் செய்யணுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “என் பையனுக்கு ஐந்து வயது. ஒண்ணுக்குப் போகும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்பி, அப்புறம் வடிகிறது. தினமும் தேங்காய் எண்ணெய் தடவித் தோலைப் பின்னுக்குத் தள்ளச் சொல்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்டினோம், சுன்னத் மாதிரி ஆபரேஷன் செய்யணும் என்றார். பிறந்தபோதே செய்திருந்தால் இந்தப் பாடு இருந்திருக்காதோ? நாங்கள் இந்துக்கள், எங்களில் இப்படிச் செய்வது உண்டா?”

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் முன்தோல் நீக்கம் என்றாலே முஸ்லிம் வீட்டு மார்க்கக் கல்யாணம்தான் நினைவுக்கு வரும். அங்கேயும் பல வீடுகளில் பையன் கொஞ்சம் வளர்ந்த பிறகு, பள்ளி விடுமுறை பார்த்துத்தான் செய்கிறார்கள். ஆனால் நோய்க்காகச் செய்யும்போது மதம் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பிறந்த சில நாளிலேயே செய்யும் வழக்கம் பரவலாக உண்டு. நம் ஊரில் அது இல்லை. அதனால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை.

இப்போது உங்கள் பையன். புளியங்காயை உடைத்துப் பார்த்திருப்பீர்கள், ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டு வரும். பழுத்தால் அந்த ஓடு தானாகவே விட்டு நிற்கும். முன்தோலும் அப்படித்தான். பிறக்கும்போது உள்தோல் மொட்டோடு, அதாவது ஆண்குறியின் தலைப்பகுதியோடு, ஒட்டியே இருக்கும். 1949-இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கணக்கெடுத்தபோது, பிறந்த குழந்தைகளில் சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னால் வந்தது. 1968-இல் டென்மார்க் பள்ளிப் பையன்களைப் பார்த்த யாக்கோப் ஊஸ்டர், 6, 7 வயதில் 8 சதவீதம் பேருக்கு இறுக்கம் இருந்ததையும் 16, 17 வயதில் அது 1 சதவீதமாகக் குறைந்ததையும் பதிவு செய்தார். உள்ளே ஒட்டு விட்டு, நுனி மட்டும் இன்னும் விரியாத கட்டத்தில் சிறுநீர் தேங்கி உப்பும். வலி இல்லாமல், தாரை சரியாக வந்தால் அது நோயில்லை. தோலுக்கடியில் தெரியும் வெள்ளை உருண்டையும் பெரும்பாலும் உதிர்ந்த தோல் செதில்தான், சீழ் அல்ல.

மருத்துவர் பார்க்க வேண்டியது முன்தோலின் நுனியை. லேசாக நகர்த்தும்போது உள்தோல் பூ விரிவது போல ரோஜா நிறத்தில் எட்டிப் பார்த்தால் பொறுத்திருக்கலாம். இறுக்கம் தொந்தரவு தந்தால், 0.05 சதவீத பீட்டாமெத்தசோன் களிம்பை மருத்துவர் சொன்னபடி நாளைக்கு இரண்டு வேளையாக 4 முதல் 8 வாரம் தடவினால் பெரும்பாலோருக்குத் தோல் தளர்ந்துவிடும். உங்களுக்கு இதை முயன்று பார்த்தார்களா என்று கடிதத்தில் இல்லை. கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

நுனி வெளுத்து, கெட்டியாக, வளையம் போல இறுகியிருந்தால் கதை வேறு. அது தழும்பு நோய். ஐந்து வயதுக்குப் பிறகுதான் அதிகம் வரும். விட்டுவிட்டால் சிறுநீர்த் துவாரத்தையும் சுருக்கும். அதற்கு முன்தோல் நீக்கம்தான் உறுதியான வைத்தியம். அடிக்கடி சீழ் பிடித்து வீங்குபவர்கள், சிறுநீர் சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறி மறுபடி மறுபடி காய்ச்சல் வருபவர்கள் ஆகியோருக்கும் செய்கிறோம்.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வலுவில் தள்ளினால் தோல் கிழியும். கிழிந்தது ஆறும்போது தழும்பாகும். இல்லாத நோயைக் கையாலேயே உண்டாக்குவது போல. ஒருமுறை பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டும்போது பின்னுக்குத் தள்ளிய தோல் திரும்பாமல், கயிறு கட்டியது போல இறுகி, மொட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. கூச்சத்தில் ஓர் இரவு தாமதித்திருந்தார்கள். இப்படி ஆனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பிறந்தவுடன் செய்ய நினைத்தும் தள்ளிப்போடும் குழந்தைகளும் உண்டு. குறைமாதம், எடைக்குறைவு, மஞ்சள் காமாலை உள்ளவர்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்புறம் இருந்தால் முன்தோலைத் தொடவே கூடாது, அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல்தான் துணி. இதைக் கவனிக்காமல் சடங்குக்காக வெட்டிவிட்டால் பின்னால் சிரமம். அப்புறம், நான் தவறாமல் விசாரிப்பது தாய்மாமனை. பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா, சின்ன அடிக்கே மூட்டு வீங்குமா என்று கேட்பேன். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா என்ற நோய் பெரும்பாலும் தாய்வழியாக வருவது.

உங்கள் பையனுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால், இந்த வயதில் முழு மயக்கம் கொடுத்து, வலி தெரியாமலிருக்க ஓர் ஊசியும் போடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் தானே கரையும், இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். தளர்ந்த உடை போதும், பத்தியம் எதுவும் வேண்டாம்.

எண்ணெய் போட்டுத் தள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு நாள் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், நுனியில் தழும்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தாரை நூலாக இறங்கினாலோ, முக்கி முக்கிப் போனாலோ, சிறுநீரே நின்றாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.