பதில்: 60 செ.மீ. பெட்டியில் அறுகோணம் வரவில்லை

60 செ.மீ. பெட்டியில் ஓடிய எலியின் என்டோரைனல் புறணியில் (இடமறிய உதவும் மூளைப் பகுதி) பதிவு செய்த செல்லில் மூன்று திட்டுகள்தான் (செல் துடிக்கும் இடங்கள்) தெரிகின்றன, இது கிரிட் செல் (அறுகோண ஒழுங்கில் அமைந்த திட்டுகளில் துடிக்கும் நரம்புச் செல்) இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். அப்புறணியின் மேல்விளிம்பருகே திட்டுகளின் இடைவெளி 30–40 செ.மீ. அளவில் இருக்கும், மின்முனை கீழே இறங்க இறங்கக் கூடும். இடைவெளி 50 செ.மீ. என்றால் உங்கள் பெட்டிக்குள் வேறெத்தனை திட்டு பிடிக்கும்? 2005இல் நரம்பியலாளர்கள் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு அறுகோணத்தைத் தெளிவாகக் கண்டது 2 மீட்டர் அகல வட்ட அரங்கில். நீங்கள் குறைந்தது 1 மீட்டர் பெட்டிக்கு மாறுங்கள். தீனித்துகள்களை மூலைகளிலும் தூவி, 20 நிமிடம் ஓடவிடுங்கள்; எலி போகாத மூலை வரைபடத்தில் ஓட்டையாகவே நிற்கும்.

கணக்கிலும் ஒரு சிக்கல் தெரிகிறது. எலி நின்றிருந்தபோது வந்த துடிப்புகளை நீக்கியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்த நேரத்தையும் சேர்த்தே கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தின்ன நின்ற இடங்களில் துடிப்பு வீதம் (துடிப்புகளை நேரத்தால் வகுத்தது) பொய்யாகக் குறையும், உண்மையான திட்டே அழிந்துபோகும். பிறகு தன்னொப்பு வரைபடத்தை (துடிப்பு வரைபடத்தை நகர்த்தி நகர்த்தி அதனுடனேயே ஒப்பிட்டுக் கிடைப்பது) சுழற்றிச் சுழற்றாததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 60, 120 பாகைகளில் ஒப்புமை உயர்ந்து, 30, 90, 150இல் தாழ வேண்டும். நடு உச்சியை வெட்டிவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். அது எந்தக் கோணத்திலும் ஒத்துப்போய் வேறுபாட்டை மழுக்கிவிடும்.