கெஸ்ட் ஆட்டக்காரரா, மைதானமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகம், சென்ற மே மாதம் நடந்த, அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு நான்கு கெஸ்ட் ஆட்டக்காரர்களைச் சம்பளம் பேசி அழைத்து வந்தது. அரையிறுதியில் தோற்றோம், வசூலித்த பணமும் தீர்ந்தது. புதிய பருவத்தில் மாவட்ட லீகிலும் பதினொருவர் அணியாக இறங்க ஆசைப்படுகிறோம். இனி வசூலாகும் பணத்தை எதில் செலவிடுவது?
– கழகச் செயலாளர் ஒருவர்

பதில்: மைதானத்தில் செலவிடுங்கள். கெஸ்ட் ஆட்டக்காரர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர்களும் கால் தேய ஓடித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் ஏழு பேரில் நான்கு பேர் வெளியூரார் என்றால், உங்கள் ஊர்ப் பையன்களில் களம் கண்டவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டியிருப்பார்கள். லீகில் 90 நிமிடம் ஆட 11 பேர் வேண்டும். காயம், காய்ச்சல், ஊரில் ஒரு கல்யாணம் என்று எல்லாவற்றையும் கணக்கில் வைத்தால் பதினேழு, பதினெட்டுப் பேராவது தயாராக இருக்க வேண்டும். அத்தனை பேரையும் சம்பளம் கொடுத்துப் பிடிக்க ஒரு கிராமக் கழகத்தால் முடியாது.

மைதானத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற பங்குனியில் சேரன்மகாதேவிப் பக்கம், பிசான அறுவடை முடிந்த வயல் ஒன்றில் பையன்கள் ஆடுவதை ஒரு மாலை முழுவதும் நின்று பார்த்தேன். அறுத்த தாள் விரல் உயரத்துக்குக் குத்திட்டு நின்றது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தரையோடு தட்டிக் கொடுத்த பந்து தாளில் பட்டு எங்கோ திரும்பிப் போனதால், சிறிது நேரத்தில் ஒருவரும் தரையோடு கொடுப்பதையே விட்டுவிட்டு, கிடைத்த பந்தையெல்லாம் தூக்கித் தூக்கி அடிக்கத் தொடங்கினார்கள். கோல்கீப்பராக நின்ற சிறுவன் ஒரு முறைகூடப் பாய்ந்து விழவில்லை. விழுந்தால் முழங்கைத் தோல் உரியும் என்று அவனுக்குத் தெரியும். அவர்களிடம் ஓட்டத்துக்கும் துணிச்சலுக்கும் குறைவே இல்லை. ஆயினும் இதே பையன்கள் நாளை புல்தரையில் இறங்கித் தடுமாறும்போது, ‘நம்ம பசங்களுக்கு பாஸ் தெரியவில்லை’ என்று நாம்தான் குறை சொல்லுவோம். பாஸ் பழகுவதற்கு அவர்களுக்குத் தரை எங்கே இருந்தது?

வயல் நிலையான இடமும் அன்று. ஜூனில் கார் சாகுபடி தொடங்கிவிட்டால் அங்கே கால் வைக்க முடியாது. எனவே ஊராட்சியிடமோ பள்ளியிடமோ எழுத்துமூலம் அனுமதி பெற்று, சொந்தப் பயிற்சிக்கென ஓர் இடத்தைப் பிடியுங்கள். 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்னும் பெரிய அரங்க அளவைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஆட்ட விதிகளின்படி 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் இருந்தாலே போதும். நடுப்பகுதி சற்றே மேடாக இருந்தால் தண்ணீர் இருபுறமும் வடியும். ஐப்பசி மழையின் ஈரத்தில் அருகம்புல்லை நட்டால், கார்த்திகை முடிவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். கோடையில் தண்ணீர் விடுவதற்கு மட்டும் ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சுற்றிலும் உள்ள உடைமரக் கிளைகளை முன்னதாகவே கழித்துவிடுங்கள். உடைமுள்ளால் ஒரு பருவத்தில் எத்தனை பந்துகள் போகின்றன என்பது செயலாளராகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பயிற்சியைத் தை பிறந்ததும் தொடங்குங்கள். மார்ச்சில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகள் வரும். அப்போது அந்தப் பையன்களை வீட்டிலிருந்து வெளியே விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே தையிலும் மாசியின் தொடக்கத்திலும் பாளையங்கோட்டைப் பள்ளி, கல்லூரி அணிகளோடு நட்புமுறை ஆட்டங்களை முடித்துக்கொண்டு, பங்குனியில் சிறுவர்களின்மீது கவனம் செலுத்தலாம். 12 வயது வரை உள்ளவர்களுக்கு 4-ஆம் எண் பந்து கொடுங்கள். பெரியவர்களின் 5-ஆம் எண் பந்து அந்தப் பிஞ்சுக் கால்களுக்குக் கனம்.

ஒரே ஒரு வெளியூர் ஆட்டக்காரரை அழைப்பதாக இருந்தால், அனுபவமுள்ள கோல்கீப்பரை அழையுங்கள். கையில் பந்தை 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்னும் விதி 2025-இல் வந்துவிட்டது. இதுபோன்றவற்றையும் அவர் உங்கள் ஊர்ப் பையனுக்குப் பக்கத்திலிருந்து பழக்கிக் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு அழையுங்கள்.

கேள்வி: கோவையைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி 2018-19-இல் ஐ-லீக் என்னும் தேசியக் கால்பந்துப் போட்டியில் பட்டம் வென்றது. அதுபோல நெல்லைக்கு ஓர் அணி எப்போது வரும்?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: அந்தப் பருவத்தை நானும் மறக்கவில்லை. அந்த அணியின் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். தமிழ்நாட்டு அணி ஒன்று நாட்டின் பட்டத்தை வெல்வதைக் கண்ணாரக் கண்டோம். ஆனால் 2021-22 ஐ-லீகில் அந்த அணியே இல்லை. பட்டம் வென்ற மூன்றாம் ஆண்டில் அணி இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆகவே நெல்லையின் பெயரில் ஓர் அணியை அவசரமாகத் தொடங்குவதைவிட, பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் உள்ள பள்ளிகள் 1960 முதல் பள்ளிகளுக்கென நடந்துவரும் சுப்ரதோ கோப்பைக் கால்பந்துப் போட்டியில் ஆண்டுதோறும் முன்னேறிச் செல்வதையே நான் விரும்புகிறேன்.

கேள்வி: பருவத் தொடக்கத்திலேயே எங்கள் பையன்களில் பாதிப் பேருக்குக் கணுக்கால் பிசகிவிடுகிறது. என்ன செய்வது?
– பயிற்சியாளர், தென்காசி

பதில்: வந்தவுடன் கோலை நோக்கிப் பந்தடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். முதலில் உடலைச் சூடேற்ற வேண்டும். அதற்கான ‘ஃபிஃபா 11+’ என்னும் பயிற்சித் தொகுப்பு 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓட்டம், ஒற்றைக்கால் நிற்றல், குதித்து இறங்குதல் என எல்லாம் அதில் அடக்கம். வாரத்துக்கு இருமுறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிசகிய காலில் அன்றே எண்ணெய் போட்டு நீவாதீர்கள்; துணியில் சுற்றிய ஐஸ் வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் கழகத்தில் பெண் பிள்ளைகளுக்கும் அணி தொடங்கலாம் என்றேன். பெரியவர்கள் தயங்குகிறார்கள்.
– வாசகி, வள்ளியூர்

பதில்: இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் வென்றது. மதுரையைச் சேர்ந்த சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். இவற்றைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் அவர்களின் தயக்கம் பெரும்பாலும் விளையாட்டைப் பற்றியது அன்று, பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்புவதைப் பற்றியது. எனவே பயிற்சியைக் காலை 6 மணிக்கு வையுங்கள். உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் உள்ள பள்ளி மைதானமாகப் பாருங்கள். தாய்மார்களில் இருவரை நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு பிள்ளைகள் சேர்ந்தாலே செவன்ஸ் ஆடத் தொடங்கிவிடலாம்.