பழைய ஆல்பத்துப் படங்களை வைத்து ஸ்கிராப்புக் தொடங்க

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஸ்கிராப்புக், அதாவது படங்களை ஒட்டிக் குறிப்பு எழுதி நாமே செய்யும் நினைவுப் புத்தகம், செய்கிறீர்கள் என்பதே அருமை. ஃபெவிகால் போட்டு ஒட்டலாமா, பழைய பசை ஆல்பத்திலிருந்து படங்களை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் எடுப்பதைப் பார்ப்போம், அதுதான் ஆபத்தான வேலை. ஆல்பத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்துவிடுங்கள். அப்புறம் டென்டல் ஃபிளாஸ் நூலைப் படத்தின் மூலையில் கொடுத்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் அறுப்பதுபோல் மெல்ல இழுங்கள். விரலால் பிய்த்தால் படம் மடங்கி, மேல்பூச்சு வெடித்துவிடும். அசையாத படத்தை விட்டுவிடுங்கள். அதை ஸ்கேன் செய்தால் போதும்.

ஃபெவிகால் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஈரத்தில் தாள் சுருங்கி நெளியும். செல்லோடேப் நாளாக ஆக மஞ்சளாகிக் கறை விடும். படத்தின் மூலைகளைச் செருகி வைக்கும் சின்ன உறையான போட்டோ கார்னர் வாங்குங்கள். படத்தில் பசையே படாது, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். தாள் 'ஆசிட் ஃப்ரீ' (அமிலம் இல்லாதது) என்று போட்டதாக, கனம் 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் இருக்கட்டும். ஸ்கிராப்புக்குக்கு வழக்கமான 12 அங்குலச் சதுரத் தாளைவிட ஏ4 அளவு நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும்.

அசல் படங்களைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். வடிவமாக வெட்ட ஆசை என்றால் பிரின்ட் எடுத்து வெட்டுங்கள். தெர்மல் தாளில் (சூட்டில் எழுத்து பதியும் தாள்) அச்சான டிக்கெட், ரசீது இருந்தால் நகலை ஒட்டுங்கள், அசலின் எழுத்து மங்கிவிடும்.

ஸ்டிக்கர், ரிப்பன் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். பத்துப் படங்களோடு தொடங்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எந்த வருடம் என்று அம்மாவிடமே பேச்சுவாக்கில் கேட்டு உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.