டிவியில் யானை காட்டுவதைத் தவிர சுற்றுலாத் துறைக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி இது: “சுற்றுலாவை வளர்க்க என்று கொழும்பில் ஒரு அரச நிறுவனமே இருக்கிறது. யானையும் கடற்கரையும் காட்டி விளம்பரம் போடுவதைத் தவிர அவர்கள் என்ன செய்கிறார்கள்? வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அதை வெளிநாட்டு ஆட்களுக்குக் கொடுக்க நினைக்கிற எனக்கு இவர்களால் பிரயோசனம் உண்டா?”

நான் அரச ஊழியன் இல்லை. வெளிநாட்டவரை இங்கே வரவழைத்துச் சுற்றிக்காட்டும் ஒரு சின்னக் கம்பனியில் 11 வருடமாக இந்தியப் பக்கத்தைப் பார்க்கிறேன், அந்த வேலைக்காக அவர்களோடு ஒரே மேசையில் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம், ஒரு நிறுவனம் இல்லை, நாலு. 1966இல் தொடங்கிய பழைய உல்லாசப் பிரயாண சபைக்குப் பதிலாக, 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி 2007இல் நாலு கொண்டுவந்தார்கள். ஹோட்டல்களைப் பதிவது, தரம் பார்ப்பது, வழிகாட்டிகளுக்கு லைசன்ஸ் கொடுப்பது எல்லாம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. விளம்பரமும் விற்பனைப் பக்கமும் சுற்றுலா மேம்பாட்டுப் பணியகம். மாநாடு, கண்காட்சி என்று வருகிற கூட்டத்தைப் பிடிக்க மாநாட்டுப் பணியகம். ஆட்களைப் பயிற்றுவிக்க ஒரு நிறுவகம், அதன் நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை, ஹோட்டல் ஸ்கூல் என்றால்தான் திரீவீலர்காரருக்கும் தெரியும். நீங்கள் கேட்பது இரண்டாவதைப் பற்றி.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த ஹோட்டல்களும் மற்ற நிறுவனங்களும் தங்கள் புரள்வில், அதாவது மொத்த வருமானத்தில், 1 வீதத்தை இதற்கென்று வரியாகக் கட்டுகின்றன. அது போக, விமானம் ஏறுகிறவர்களிடம் டிக்கெட்டோடு அறவிடுகிற புறப்பாட்டு வரியில் மூன்றில் ஒரு பங்கும் சுற்றுலாவுக்கான அந்த நிதிக்குப் போகும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆக, தங்கச்சியின் கூறைப்புடவை எடுக்க நீங்கள் சென்னைக்குப் போய் வந்திருந்தால் அந்த யானை விளம்பரத்தில் உங்கள் காசும் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். விளம்பரம் என்பது வெளியே தெரிகிற நுனி மட்டும்தான். உண்மையான வேலை, பயணம் போகிறவரைப் பிடிப்பதை விட, அவரை அனுப்புகிறவரைப் பிடிப்பது. சென்னை தி. நகரில் ஒரு சின்ன ஏஜென்ட் இருக்கிறார், அவரிடம் ஒரு குடும்பம் வந்து “அஞ்சு நாள், பாஸ்போர்ட் இருக்கு, எங்க போகலாம்” என்று கேட்கிறது, அந்த நிமிடத்தில் அவர் வாயில் தாய்லாந்து வருகிறதா இலங்கை வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்காகத்தான் லண்டனில் நவம்பரிலும் பெர்லினில் மார்ச்சிலும் நடக்கிற பெரிய சந்தைகளுக்கும், டில்லி, மும்பை, சென்னை என்று இந்திய நகரங்களுக்கும் மேம்பாட்டுப் பணியகம் போகிறது. அங்கே இலங்கைக்கு என்று ஒரு பகுதி எடுத்து, அதற்குள் எங்களைப் போன்ற கம்பனிகளுக்கு ஆளுக்கு ஒரு மேசை கொடுக்கும். மேசைக்கு நாங்கள் காசு கட்டுகிறோம், சும்மா இல்லை.

அந்த மேசையில் காலை பத்து மணியிலிருந்து மாலை வரை உட்கார்ந்தால் எந்த ஆய்வும் தேவையில்லை. வருகிறவர் சீகிரியா எத்தனை படி என்று கேட்பதில்லை. “வெஜ் கிடைக்குமா? தமிழ் பேசுற டிரைவர் இருக்காரா? வயசானவங்க ஏற முடியுமா?” இதுதான். ஒரு தடவை ஒரு பெரியவர் வந்து நின்றார், எழுபது வயது இருக்கும், பிரசுரத்தைத் தொடக்கூட இல்லை, “இலங்கை வானொலி கட்டடம் இன்னும் இருக்கா?” என்றார். சின்ன வயதில் ஊரில் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாராம். இருக்கிறது, கொழும்பு 7, சுதந்திர சதுக்கம் என்றேன். ஆறு மாதம் கழித்து 22 பேரோடு வந்தார். எல்லோரையும் வாகனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும். தமிழ்நாட்டு ஆட்களை எது இழுக்கிறது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தால் இது போல ஒரு பத்து விஷயம் கிடைக்கும். ஆனால் ஒரே விளம்பரத்தை ஜெர்மன்காரருக்கும் மதுரைக்காரருக்கும் காட்டுவதுதான் இலகு. இது என் புலம்பல், விடுங்கள்.

அடுத்தது, ஏஜென்ட்களையும் பத்திரிகையாளர்களையும் யூடியூப்காரர்களையும் இலவசமாகக் கூட்டிவந்து காட்டுவது. டிக்கெட்டை ஒரு விமானக் கம்பனி கொடுக்கும், அறையை ஹோட்டல்கள் கொடுக்கும், வாகனமும் ஆளும் எங்களைப் போன்றவர்கள். இதைப் போல வேலை செய்கிற விளம்பரம் வேறு இல்லை. இதைப் போல கவிழ்க்கிறதும் இல்லை. சில வருடத்துக்கு முன் சென்னை ஏஜென்ட்கள் 14 பேரை நான் கூட்டிப்போனேன், அதில் 9 பேர் சைவம். மூன்றாம் நாள் மதியம் ஹபரணைக்குக் கிட்ட ஒரு இடத்தில் சாப்பாடு. “ஒன்பது பேருக்கும் தனி மரக்கறிச் சாப்பாடு, மீன் இறைச்சி ஒன்றும் இல்லை சேர்” என்று பெடியன் சத்தியம் பண்ணாத குறை. ஒரு அம்மா தேங்காய்ச் சம்பலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கி, “நடுவுல கடிபடுதே, இது என்ன, ரொம்ப நல்லா இருக்கு” என்றார். எட்டிப் பார்த்தேன். மாசி. நம்மூரில் பலருக்கு மாசிக்கருவாடு போடாமல் சம்பல் இடிப்பது உப்புப் போடாமல் இடிப்பது போல, அதை மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், மனம் கேட்கவில்லை, சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு போய் வாகனத்தில் உட்கார்ந்தவர்தான், சீகிரியாவில் இறங்கவே இல்லை. இன்றைக்கும் அவரிடமிருந்து குழுக்கள் வருகின்றன, ஒவ்வொரு மின்னஞ்சலின் கடைசி வரியும் “மாசி கூடாது”.

விளம்பர வாசகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2018 நவம்பரில் லண்டன் சந்தையில் ‘சோ ஸ்ரீலங்கா’ என்று புதிதாக ஒன்றை வெளியிட்டார்கள். அந்த வருடம் வந்தவர்கள் 23 இலட்சத்துக்கும் மேல், அதுவரை வராத கூட்டம். ஐந்து மாதத்தில், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. அதற்குப் பிறகு எந்த வாசகத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. வெளிநாட்டு அரசாங்கங்கள் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்த பயண எச்சரிக்கையைத் தளர்த்தியதும், ஆகஸ்டிலிருந்து 48 நாட்டவருக்கு விசாக் கட்டணம் இல்லை என்று அரசாங்கம் அறிவித்ததும்தான் கொஞ்சம் கை கொடுத்தன. 2022இல் எரிபொருள் வரிசை. டீசல் இல்லாமல் வாகனம் ஓடாது, வாகனம் ஓடாமல் என்ன சுற்றுலா? அப்போது சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனியாக ஒரு எரிபொருள் பாஸ் கொண்டுவந்தார்கள், என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் சிறந்த விளம்பரம் அதுதான். பிறகு 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசாக் கட்டணத்தை நீக்கினார்கள். 2024இல் மொத்தமாக 20 இலட்சத்தைத் தாண்டியது, அதில் 4 இலட்சத்துக்கும் மேல் இந்தியர்கள், முதலிடம் அவர்களுக்குத்தான்.

அந்த இந்தியர்களுக்கு இராமாயண இடங்களைக் காட்டி அழைப்பதும் பல வருடமாக நடக்கிறது. நுவரெலியா பக்கம் சீதா எலிய கோயில், றம்பொடையில் அனுமார், சிலாபத்துக்குக் கிட்ட முன்னேஸ்வரம் என்று ஒரு வழி. அது நன்றாகவே ஓடுகிறது. யாழ்ப்பாணம் இப்போதுதான் கணக்கில் வருகிறது, பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானமும் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்த பிறகு நல்லூருக்காகவே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் இரண்டு அறை. பணியகம் உங்களுக்கு விருந்தாளி பிடித்துத் தராது, அதற்கு நீங்கள் முன்பதிவுத் தளங்களைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அதிகார சபையில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்துகொண்டு அறை கொடுப்பதற்கு ஹோம்ஸ்டே என்று தனி வகையே இருக்கிறது. ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், கொஞ்சம் அலைச்சல்தான், காலி வீதி அலுவலகத்துக்கு ஒரு தரம் நேரில் போனால் பாதி வேலை முடியும். என்னைப் போன்ற கம்பனிக்காரர் பதிவு இல்லாத வீட்டுக்கு ஆள் அனுப்பப் பயப்படுவோம், பதிவு இருந்தால் தாராளமாக அனுப்பலாம். வெள்ளவத்தை என்றால் சென்னைக் குடும்பங்கள்தான் உங்கள் ஆட்கள்: கோயில் கிட்ட, சைவக் கடை கிட்ட, கடல் கிட்ட. சம்பல் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் முதலே கதைத்து வையுங்கள்.